ஷெங்கன் விசா சரி, ஷெங்கன் என்ற ஊர் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: "அடுத்த மாதம் ஷெங்கன் விசாவில் பாரிஸும் ஜெர்மனியும் போகிறேன். ஷெங்கன் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறதாமே? அவ்வளவு சின்ன ஊரில் போய் ஏன் இத்தனை பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க அங்கே ஏதாவது உண்டா?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் நடுவில் இருப்பதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஏன் அந்த இடம்? (அந்த ஒப்பந்தம், ஐரோப்பிய நாடுகள் சில தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட 1985 இல் செய்துகொண்டது.) ஊர் எங்கே என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏன் அங்கே என்பதற்கு மட்டும் அந்த ஊரை ஒட்டி ஓடும் மோசல் ஆற்றையும் இருநூறு வருடக் கதையையும் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நான் நில அளவை படித்தவன். பல வருடங்களாக ஜெர்மனியின் ட்ரியர் நகரில் வேலை. மோசல் ஆற்றுப் பக்கத்து எல்லை வரைபடங்கள் என் மேசையில் அடிக்கடி வந்து போகும். அதனால் நிலம், ஆறு, எல்லைக்கோடு பற்றித் தைரியமாகச் சொல்வேன். விசாச் சட்டம் என் துறை இல்லை. "எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாள் தங்கலாம்" போன்றவற்றை விசா கொடுக்கும் தூதரகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் இருக்கிறது. லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசல் ஆற்றின் இடது கரையில். தலைநகரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெர்ல். தெற்கே சில நிமிடம் நடந்தால் பிரான்ஸ். அங்கே அக்கரையில் முதலில் வருவது அப்பாக், அதைத் தாண்டினால் பழைய கோட்டை ஊரான சியெர்க். ஷெங்கன் கிராமத்தில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மாளிகை, மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், ஆற்றோரம் ஒரு நடைபாதை. இவ்வளவுதான் ஊர்.

ஷெங்கன் என்ற பெயரில் ஒரு கிராமமும் இருக்கிறது, ஒரு கொம்யூனும் இருக்கிறது. கொம்யூன் என்றால் மேயரும் மன்றமும் உள்ள உள்ளாட்சி அமைப்பு. லக்சம்பர்க் நாடு முழுவதற்கும் இப்போது 100 கொம்யூன்கள். 1985 இல் கையெழுத்துப் போட்டபோது ஷெங்கன் என்று ஒரு கொம்யூன் கிடையாது. அந்தக் கிராமம் ரெமர்ஷென் என்ற கொம்யூனுக்குள் அடங்கியிருந்தது. உலகமெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு திரியும் பெயரை விட்டுவிட்டு வேறு பெயரில் ஏன் இருப்பானேன் என்று 2006 இல் கொம்யூனின் பெயரையே ஷெங்கன் என்று மாற்றிக்கொண்டார்கள். 2011 இல் பக்கத்திலிருந்த பூர்மெரான்ஜ், வெல்லன்ஸ்டைன் கொம்யூன்களும் இதோடு இணைந்தன. இப்போது ஒன்பது ஊர்கள், சுமார் 5,000 பேர். வேடிக்கை என்னவென்றால், மன்ற அலுவலகம் இன்றும் ரெமர்ஷெனில்தான் இருக்கிறது. பெயர் ஒரு ஊருக்கு, கோப்புகள் இன்னொரு ஊருக்கு.

நிலத்தைப் பற்றி. மோசல் பிரான்ஸின் வோஜ் மலையில் பிறந்து வடக்கே ஓடி, ஜெர்மனியின் கோப்லென்ஸில் ரைனோடு சேர்கிறது. சியெர்க் பக்கத்தில் கடினமான பழம் பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வரும் ஆறு, ஷெங்கனைத் தாண்டியதும் அகன்ற பள்ளத்தாக்கில் நிதானமாகப் பரவுகிறது. லக்சம்பர்க்கின் மோசல் கரையில் வடக்குப் பாதியில் சுண்ணாம்புப் பாறை; சரிவுகள் செங்குத்து. தெற்குப் பாதியான ஷெங்கன், ரெமர்ஷென், வின்ட்ரான்ஜ் பக்கம் களிச்சுண்ண மண், மென்மையான சரிவு. ஆகவே தோட்டங்களும் இங்கே சற்றே வட்டமான குன்றுகளில் படிந்து கிடக்கும். ரிவானர், ஓசெர்வா, பினோ க்ரி ஆகிய வெள்ளைத் திராட்சை வகைகள் அதிகம். எல்ப்லிங் என்று ஒரு பழைய ரகமும் இன்னும் இருக்கிறது; புளிப்பு தூக்கலாக இருக்கும், எனக்குப் பிடிக்கும், பெரும்பாலோருக்குப் பிடிக்காது. கிராமத்துக்குப் பின்னால் நிற்கும் ஸ்ட்ரோம்பெர்க் குன்றில் ஒரு காலத்தில் ஜிப்சம் வெட்டியெடுத்தார்கள். அந்தக் குன்றின் தெற்குச் சரிவு பிரான்ஸ், வடக்குச் சரிவு லக்சம்பர்க்.

ரெமர்ஷெனுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஏகப்பட்ட குளங்கள் தெரியும். வரைபடத்தில் பார்ப்பவர்கள் இயற்கை ஏரிகள் என்று நினைப்பார்கள். எல்லாம் மணலும் கூழாங்கல்லும் அள்ளிய குழிகள். இருபதாம் நூற்றாண்டில் கட்டுமானத்துக்காக ஆற்றுப்படுகைச் சமவெளியைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். குழிகளில் நிலத்தடி நீர் ஊறியது, நாணல் வளர்ந்தது, வலசைப் பறவைகள் வந்து இறங்கின. இன்று அது ஹாஃப் ரேமிஷ் என்ற பாதுகாக்கப்பட்ட ஈரநிலம். ஒரு குளத்தைக் குளிப்பதற்கு விட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் பறவைகளுக்கு. 2016 இல் திறந்த பயோடிவர்சம் என்ற இயற்கைக் காட்சியகம் கவிழ்த்த படகு வடிவத்தில் அங்கே நிற்கிறது. அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பிரான்சுவா வாலென்டினி ரெமர்ஷென்காரர்தான்.

இனி எல்லைக்கு வருவோம். மூன்று நாடுகள் கூடும் புள்ளி ஷெங்கனில் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள். அங்கே போய் ஒரு காலை ஜெர்மனியிலும் மறு காலைப் பிரான்ஸிலும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் சந்திப்பு ஆற்றுக்குள் இருக்கிறது. அதுவும் கறாராகச் சொன்னால் புள்ளியே கிடையாது. லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே மோசல் எல்லையாக ஓடும் தூரம் முழுவதும், ஆற்றின் நடுவே கோடு எதுவும் போடப்படவில்லை. கரையிலிருந்து கரை வரை தண்ணீர் இரண்டு நாட்டுக்கும் சேர்ந்து சொந்தம். நம் ஊர்ப் பத்திரங்களில் பங்காளிகளுக்குக் கிணற்றை எழுதும்போது "பிரிபடாத பாகம்" என்று போடுவார்களே, அதே ஏற்பாடு. 1816 இல் பிரஷ்யாவும் (அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்று) நெதர்லாந்தும் (அதன் அரசர்தான் அப்போது லக்சம்பர்க்கையும் ஆண்டார்) ஆஹன் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கியது. 1984 டிசம்பரில் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் புது ஒப்பந்தம் போட்டு அதை உறுதிசெய்தன. பிரான்ஸ் எல்லைக்குத் தெற்கே ஆறு முழுக்கப் பிரான்ஸுடையது. ஆகவே மூன்று நாடுகளும் தொட்டுக்கொள்ளும் இடம், ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை போகும் ஒரு கோடு. பெரிய அளவு வரைபடத்தில் இதைச் சரியாகக் காட்டாமல் ஆற்றின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிடுவது வழக்கமாக நடக்கும் தப்பு.

இந்த ஆறு எப்போது எல்லையானது? பலர் நினைப்பது போல ஆதிகாலத்திலிருந்து அல்ல. பழைய லக்சம்பர்க் டச்சி (டியூக் ஒருவர் ஆண்ட நாடு) ஆற்றுக்கு இரு புறமும் பரந்திருந்தது. ரோமானியர் காலத்திலும் இரண்டு கரையும் ஒரே உலகம்தான். பெர்லுக்கு உட்பட்ட நென்னிக் கிராமத்தில் 1852 இல் ஒரு விவசாயி நிலத்தைத் தோண்டியபோது மூன்றாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றின் தளம் கிடைத்தது. வாள்வீரர்களும் விலங்குகளும் சண்டையிடும் மொசைக் ஓவியம், சுமார் 160 சதுர மீட்டர். அது இன்றும் கிடைத்த இடத்திலேயே இருக்கிறது. ஷெங்கன் வருபவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பிப் போவது எனக்கு எப்போதும் வருத்தம்.

1795 இல் புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் லக்சம்பர்க்கைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. எதிர்க்கரையும் பிரான்ஸ் வசம் போனதால் ஏறத்தாழ இருபது வருடம் ஷெங்கனைச் சுற்றி எந்த நாட்டு எல்லையும் இல்லை. இப்போது ஊரில் இருக்கும் மாளிகை அந்தக் காலத்தில், 1812 இல், இரும்பு ஆலை முதலாளி ஒருவர் கட்டியது. பழைய கோட்டையை இடித்துவிட்டு வட்டக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். நெப்போலியன் வீழ்ந்ததும் 1815 இல் வியன்னாவில் கூடி வரைபடத்தைத் திருத்தினார்கள். லக்சம்பர்க் பெரு டச்சியாக உயர்ந்தது, ஆனால் ஊர், சவர், மோசல் ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த நிலமெல்லாம் பிரஷ்யாவுக்குப் போயிற்று. (ஊர் என்பது இங்கே ஓர் ஆற்றின் பெயர், தமிழில் எழுதும்போது குழப்பம்தான்.) மோசல் அப்போதுதான் சர்வதேச எல்லையானது. ஷெங்கனுக்கு முன்னால் பிரஷ்யா, பக்கவாட்டில் பிரான்ஸ். மூன்று நாட்டுச் சந்திப்பு பிறந்தது அப்போதுதான்.

அதுவும் நிலைக்கவில்லை. 1871 இல் பிரான்ஸ் போரில் தோற்று அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தது. அப்பாக், சியெர்க் இரண்டும் ஜெர்மன் ஊர்களாகிவிட்டன. ஆக 1871 முதல் 1918 வரை ஷெங்கனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜெர்மனி. மூன்று நாடு கூடும் இடம் என்ற பேச்சே இல்லை. இந்த மாற்றத்தில் சிக்கிய குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர்தான் ரொபேர் ஷூமான், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட 1950 மே 9 அறிவிப்பைச் செய்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர். அவருடைய அப்பாவின் ஊர் எவ்ரான்ஜ், ஷெங்கனுக்கு மேற்கே எல்லையை ஒட்டிய சின்ன லொரேன் கிராமம். அப்பா பிரெஞ்சுக்காரராகப் பிறந்து 1871 இல் ஜெர்மானியரானவர். மகன் 1886 இல் லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, முதல் உலகப்போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரரானார். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இதுபோன்ற கதை ஒன்றாவது இருக்கும்.

இரண்டாம் உலகப்போர். நடுநிலை நாடான லக்சம்பர்க், 1940 இல் ஜெர்மன் எல்லைப் பாலங்களிலும் பிரெஞ்சு எல்லைச் சாலைகளிலும் கான்கிரீட் கட்டைகளும் இரும்புக் கதவுகளும் வைத்திருந்தது. ஷூஸ்டர் கோடு என்று பெயர். சில நூறு வீரர்களே இருந்த நாட்டுக்கு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? மே 10 அன்று ஜெர்மன் படை சில மணி நேரத்தில் தாண்டிவிட்டது. நாட்டின் தெற்குப் பகுதி மக்கள் பல்லாயிரக்கணக்கில் பிரான்ஸுக்கு ஓடினார்கள். அப்புறம் லக்சம்பர்க், லொரேன் இரண்டையுமே ஹிட்லரின் ஆட்சி விழுங்கியது. மறுபடி ஷெங்கனைச் சுற்றி எல்லை இல்லாத நான்கு வருடங்கள்.

போர் முடிந்ததும் இன்னொரு திருப்பம். 1946 இல் பெர்ல் பகுதி சார் பிரதேசத்தோடு சேர்க்கப்பட்டது. சார் பிரதேசம் பிரான்ஸின் பிடியில், பிரெஞ்சு நாணயத்தோடு, ஜெர்மனியிலிருந்து தனியாக இருந்தது. 1955 இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1957 ஜனவரி 1 அன்றுதான் அது மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அதாவது ஷெங்கன் கரையில் நின்று எதிரே பார்த்தால் ஜெர்மனி, வலப்பக்கம் பிரான்ஸ் என்ற இன்றைய ஏற்பாடு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது முப்பது வருடம்கூட நிலைத்ததில்லை. இந்தச் சார் பேரத்தின் ஒரு கிளைதான் இன்று நீங்கள் பார்க்கப்போகும் ஆறும். சாரை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, லொரேன் எஃகு ஆலைகளுக்குப் பெரிய படகுகள் போய்வர மோசலைக் கால்வாய் போல ஆழப்படுத்த வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டது. மூன்று நாடுகளும் 1956 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தன; மதகுகளும் தடுப்பணைகளும் கட்டி 1964 மே மாதம் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு பிரெஞ்சு அதிபர் டி கோல், ஜெர்மன் குடியரசுத் தலைவர் லூப்கே, லக்சம்பர்க் பெரு டச்சஸ் ஷார்லொட் மூவரும் வந்தார்கள். அந்த ஆழப்படுத்திய நீரில்தான் பிறகு சுற்றுலாக் கப்பல்கள் ஓடத் தொடங்கின.

அந்தக் கப்பல்களில் ஒன்றுதான் பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட். 1985 ஜூன் 14 அன்று ஷெங்கன் கரையில் அது கட்டியிருந்தபோது பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஐந்தும் அதில் கையெழுத்துப் போட்டன. வந்தவர்கள் பிரதமர்கள் அல்ல. மூத்த அமைச்சர்கள்கூட இல்லை, இரண்டாம் நிலை அமைச்சர்களும் செயலாளர்களும். லக்சம்பர்க்குக்காக ரொபேர் கெபல்ஸ், பிரான்ஸுக்காக கத்தரீன் லாலுமியேர். அன்று இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதற்கு முந்தைய வருடத்தையும் சொல்ல வேண்டும். 1984 தொடக்கத்தில் எல்லைகளில் சுங்கச் சோதனைக்காக நாள்கணக்கில் காத்திருந்து சலித்த லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்துவிட்டார்கள். அந்தச் சூட்டில் ஜூலை 13 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் கோல், பிரெஞ்சு அதிபர் மித்தரான் ஆகியோரின் அரசுகள் சார்ப்ரூக்கனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, இரு நாட்டு எல்லையில் சோதனையைத் தளர்த்தின. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் ஏற்கெனவே தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்திருந்தன. அவை நாங்களும் வருகிறோம் என்று சேர்ந்துகொண்டதுதான் ஷெங்கன். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் அந்த மூன்று நாடுகளின் தொகுதி, இன்னொரு பக்கம் ஜெர்மனி, மற்றொரு பக்கம் பிரான்ஸ். மூன்று தரப்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் லக்சம்பர்க்கின் கடைசி ஊர் ஷெங்கன். ஏன் அங்கே என்ற உங்கள் கேள்விக்கு உறுதியான விடை இதுதான்.

உறுதியில்லாதவையும் சுற்றுகின்றன. லக்சம்பர்க் அப்போது ஐரோப்பியச் சமூகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்ததால் அங்கே நடந்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது தவறு. அந்த ஜூனில் தலைமை இத்தாலியிடம். லக்சம்பர்க்கின் முறை ஜூலையில்தான் தொடங்கியது. ஊரில் பெரிய மண்டபம் இல்லாததால்தான் கப்பல் என்பது இன்னொரு கதை. இருக்கலாம், ஆனால் நான் அதைச் செவிவழிச் செய்தியாகவே வைத்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது வேறு: பொதுத் தண்ணீரில் மிதக்கும் கப்பலில் உட்கார்ந்தால் லக்சம்பர்க்கிலும் ஜெர்மனியிலும் ஒரே நேரத்தில் இருப்பது போலாகும், பிரான்ஸும் கூப்பிடு தூரத்தில். இது என் ஊகம்தான், ஆவணம் காட்டச் சொல்லாதீர்கள்.

அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம் 33 பிரிவுகள் மட்டுமே. அதில் எனக்குப் பிடித்தது பச்சை வட்டம். கையெழுத்துப் போட்ட மறுநாள், ஜூன் 15 முதல், குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பச்சை வில்லையைக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், வேகத்தைக் குறைத்து எல்லையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கலாம்; காவலர் கண்ணால் பார்ப்பார், நிறுத்த மாட்டார். காரில் இருப்பவர்களிடம் விதியை மீறும் சரக்கு எதுவும் இல்லை என்பதற்கு அந்த வில்லை அடையாளம். ஒவ்வொருவர் சொல்லையும் நம்பி விட்டுவிடும் இந்த எளிய ஏற்பாட்டிலிருந்துதான் இன்றைய பெரிய அமைப்பு வளர்ந்தது.

பொது விசா, பொலிஸ் தகவல் பரிமாற்றம் போன்ற கடினமான விஷயங்கள் பிறகு வந்த 142 பிரிவுள்ள உடன்படிக்கையில் இருக்கின்றன. பெர்லின் சுவர் 1989 நவம்பரில் விழுந்து கணக்கையெல்லாம் குழப்பியதால் தள்ளிப்போய், 1990 ஜூன் 19 அன்று அதுவும் ஷெங்கனிலேயே கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச் 26 அன்று, ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து ஏழு நாடுகளில். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் மூலம் 1985 தாளைவிட இந்த 1990 தாள்தான். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்த பிறகு இப்போது 29 நாடுகள். பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் ஜூரிக்கிலும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிய ஈழத்துக் குடும்பங்களைக் கேட்டால் இந்தத் தேதிகளின் அருமை தெரியும். ஸ்விட்சர்லாந்து இதில் சேர்ந்தது 2008 டிசம்பரில்தான்.

ஷெங்கனைச் சுற்றி எல்லை மறைந்தது 1995 இல் மூன்றாவது முறை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். முதல் முறை பிரெஞ்சுப் படை வந்து, இரண்டாம் முறை ஜெர்மன் படை வந்து. மூன்றாவது முறை மட்டும் கேட்டுப் பேசி எடுத்தார்கள். ஊரைப் பற்றி எழுதும் சுற்றுலாப் பக்கங்கள் இதைச் சொல்வதில்லை. நினைவுச் சின்னத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எல்லை போய்விட்டதால் ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை: எல்லையை வைத்துத்தான் பிழைக்கிறது. லக்சம்பர்க்கில் பெட்ரோல், சிகரெட், காப்பித்தூள் எல்லாம் வரி குறைவு. பாலத்தை ஒட்டி வரிசையாகப் பெட்ரோல் பங்க்குகள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் நம்பர் பிளேட்டும் பிரெஞ்சு நம்பர் பிளேட்டுமாக நிற்கும். காலையில் எதிர்த்திசை ஓட்டம்: லக்சம்பர்க்கில் வேலை பார்க்க அண்டை நாடுகளிலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வருகிறார்கள். அதில் ஒரு பங்கு 2003 இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியாக ஷெங்கனின் தலைக்கு மேல் போய்விடுகிறது. பெர்லில் 2007 இல் ஒரு ஜெர்மன்-லக்சம்பர்க் பள்ளி தொடங்கினார்கள். பெயர் ஷெங்கன் லைசேயம், கட்டடம் ஜெர்மனியில், பிள்ளைகள் இரு கரையிலிருந்தும். நினைவுச் சின்னங்களைவிட இந்தப் பள்ளிதான் ஒப்பந்தத்தின் நல்ல அடையாளம் என்பது என் கட்சி.

ஆனால் எல்லை ஒரேயடியாகச் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஜெர்மனி எல்லையை மூடியது. ஷெங்கன் பாலத்தில் தடுப்பு வைத்தார்கள், மே நடுவில்தான் எடுத்தார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் மறுபடி சோதனையைக் கொண்டுவந்து, அதை நீட்டித்துக்கொண்டே போயிருக்கிறது. லக்சம்பர்க் அரசு ஆட்சேபித்தும் பயனில்லை. ஷெங்கன் சட்டத்திலேயே தற்காலிகச் சோதனைக்கு இடம் உண்டு. தற்காலிகம் எவ்வளவு காலம் என்பதில்தான் சண்டை.

சரி, போய்ப் பார்க்கலாமா? அரை நாளுக்குத் தாராளமாக வேலை இருக்கிறது, இரண்டு நாளுக்கு இல்லை. ஆற்றங்கரையில் 2010 இல் திறந்த ஐரோப்பிய அருங்காட்சியகம், அதன் முன்னே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரம் பதித்த தூண்கள், பெர்லின் சுவரின் ஒரு துண்டு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. நட்சத்திரங்களில் அந்தந்த நாட்டின் அடையாளங்களைச் செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் எது எந்த நாடு என்று தேடிக் கண்டுபிடித்து விளையாடுவார்கள். விற்றுப்போயிருந்த மரி-ஆஸ்ட்ரிட் கப்பலை லக்சம்பர்க் திரும்ப வாங்கிப் புதுப்பித்து, நாற்பதாவது ஆண்டுக்காக 2025 ஜூனில் ஷெங்கனுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அது முடிந்ததும் ஸ்ட்ரோம்பெர்க் மேலே ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால்தான் மூன்று நாடும் ஆற்று வளைவும் மணற்குளங்களும் ஒருசேரக் கண்ணில் விழும். கீழே நினைவுச் சின்னத்தின் முன் படம் எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறுபவர்கள் இந்த ஊரின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

ஷெங்கனில் ரயில் நிலையம் கிடையாது, விமான நிலையம் இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு, அதுவும் கிடையாது. ட்ரியரிலிருந்து வந்தால் பெர்ல் நிலையத்தில் இறங்கிப் பாலத்தை நடந்தே கடக்கலாம். லக்சம்பர்க் நகரிலிருந்து பேருந்து. 2020 மார்ச்சிலிருந்து நாட்டுக்குள் பேருந்தும் ரயிலின் இரண்டாம் வகுப்பும் இலவசம். பாரிஸிலிருந்து வருகிறீர்கள் என்றால் மெட்ஸ் வரை ரயிலில் வந்து அங்கிருந்து லக்சம்பர்க் நகரைப் பிடிப்பது சுலபம். எந்த வழியாக வந்தாலும் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள், பாலத்தைத் தாண்டியதும் ஜெர்மன் காவலர்கள் நிறுத்திக் கேட்கலாம். வாடகைக் காரில் வந்தால் பெட்ரோலை ஷெங்கனிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், அக்கரையில் லிட்டருக்கு நன்றாகவே கூடுதல்.